ஸ்டைன்மெட்ஸ் பண்டிதர்

2025-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 28ந் தேதி நண்பகலில், வானத்தில் சூரியன் பிரகாசித்துக்கொண்டிருக்கும்போதே, ஸ்பெயின் தேசமும் அதன் அண்டை நாடாகிய போர்ச்சுகலும் ஒருசேர மின்சாரத்தை இழந்தன. ரயில் வண்டிகள் நடுவழியில் நின்றன, வீதி விளக்குகள் அணைந்தன, டெலிபோன்கள் ஊமையாயின. அத்தருணத்தில் ஸ்பெயின் உபயோகித்துவந்த மின்சாரத்தில் பாதிக்கு மேற்பட்டது சூரிய வெளிச்சத்திலிருந்து உண்டானது. ஆகவே இருள் நீங்குமுன்னரே இரண்டு கட்சிகள் கிளம்பிவிட்டன. சூரியனையும் காற்றையும் நம்பியதன் பலன் இதுதான், பழையபடி நிலக்கரிக்கே திரும்புங்கள் என்றது ஒரு கட்சி. சூரியனுக்கும் இவ்விபத்துக்கும் எள்ளளவும் சம்பந்தமில்லை, சூரியப் பலகைகளை மேலும் மேலும் பரப்பினாற் போதும் என்றது மற்றொரு கட்சி. இவ்விரு கட்சியாரும் ஒரு மனிதருடைய சரித்திரத்தை முன்னரே படித்திருந்தால் இவ்வளவு உரத்துப் பேசியிருக்கமாட்டார்கள் என்பது நமது அபிப்பிராயம்.

அம்மனிதர் 1923-லேயே காலஞ்சென்றவர். இன்று வீட்டுக் கூரைகளின்மீது காணும் சூரியப் பலகை ஒன்றையேனும் அவர் கண்டதில்லை. எனினும், பல இடங்களில் உண்டாகும் மின்சாரத்தை ஒரே வலையில் சேர்த்து, அது கலையாமல் நிற்கும்படி செய்வதெப்படி என்னும் கேள்வியைக் கணித சாஸ்திரத்தின் முன் முதலில் நிறுத்தியவர்களில் அவர் ஒருவர். சார்லஸ் புரோட்டியஸ் ஸ்டைன்மெட்ஸ் என்பது அவர் பெயர்.

அவர் பிறந்தது 1865-ஆம் வருஷம் ஏப்ரல் 9ந் தேதி, பிரஷ்ய ராஜ்யத்தைச் சேர்ந்த பிரெஸ்லாவ் நகரத்தில். அந்நகரம் இன்று போலந்து தேசத்தில் விரோத்ஸ்வாஃப் என்னும் பெயருடன் இருக்கிறது. பெற்றோர் இட்ட பெயர் கார்ல் ஆகஸ்ட் ருடால்ப். தகப்பனார் ரயில்வே இலாகாவில் ஓர் உத்தியோகஸ்தர். பிறவியிலேயே முதுகு கூனி, இடுப்பு எலும்பும் பிசகிய தேகம். தகப்பனாருக்கும் பாட்டனாருக்கும் இருந்த குறையே பேரனுக்கும் வந்தது. வளர்ந்து ஆளான பிறகும் அவர் உயரம் 4 அடிக்குச் சற்றேறக்குறையத்தான் இருந்தது. அவர் சிறு குழந்தையாயிருக்கும்போதே தாயார் இறந்துபோகவே, பாட்டியார் எடுத்து வளர்த்தார்.

பிரெஸ்லாவ் சர்வகலாசாலையில் சேர்ந்த பின்னர்தான் அக்கூனற் சரீரத்துக்குள் இருந்த புத்தியின் உயரம் பிறருக்குத் தெரிந்தது. கணித சாஸ்திரத்தில் அவருக்கு இணையான மாணவர் அங்கு இல்லை. சகமாணவர்கள் அவருக்குப் புரோட்டியஸ் என்று செல்லப் பெயர் வைத்தார்கள். கிரேக்க புராணத்தில் வரும் கடற்கிழவன் அவன். நினைத்த வடிவம் எடுக்கவல்லவன். விடாமற் பிடித்துக்கொண்டவர்களுக்கு மாத்திரம் உண்மையைச் சொல்லுபவன். பரிகாசத்துக்காக வைத்த பெயரையே அவர் பிற்காலத்தில் தமது சொந்தப் பெயராகச் சாஸனத்தில் பதிந்துகொண்டார்.

அக்காலத்தில் ஜெர்மனியை ஆண்ட பிஸ்மார்க், 1878-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் சமதர்மக் கட்சியாரின் கூட்டங்களையும் பத்திரிகைகளையும் தடுத்து வைத்திருந்தார். தடை செய்யப்பட்ட கட்சியில் வாலிபர்கள் போய்ச் சேருவது எந்நாட்டிலும் வழக்கம். ஸ்டைன்மெட்ஸும் சேர்ந்தார். சேர்ந்ததோடு நில்லாமல், கட்சிப் பத்திரிகை ஒன்றின் ஆசிரிய பீடத்திலும் அமர்ந்தார். டாக்டர் பட்டத்துக்குரிய ஆராய்ச்சி ஏறக்குறைய முடிந்திருந்த சமயத்தில் போலீஸார் தம்மைக் கைதுசெய்யப்போவதாக அவருக்குச் செய்தி எட்டியது. 1888-ல் அவர் ஊரை விட்டு வெளியேறி ஸ்விட்ஸர்லாந்திலுள்ள ஸூரிச் நகரம் சேர்ந்தார். பட்டம் போயிற்று. பிஸ்மார்க்கின் சட்டமும் இரண்டே வருஷத்தில் காலாவதியாயிற்று. ஆனால் அதற்குள் ஜெர்மனி தன்னுடைய மின்சார சாஸ்திரிகளில் தலைசிறந்த ஒருவரைக் கடலுக்கு அப்பால் தள்ளிவிட்டது. கருத்துக்களை அடக்கும் சட்டங்களுக்கு உண்டாகும் செலவுக்கணக்கில் இந்த இனத்தை யாரும் எழுதிவைப்பதில்லை.

1889-ல் டென்மார்க் தேசத்து நண்பரொருவருடன் கப்பலின் கீழ்த்தட்டில் பிரயாணஞ்செய்து நியூயார்க் துறைமுகத்தை அடைந்தார். குடியேற்ற அதிகாரிகள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். கூன் முதுகு, கையில் காசில்லை, இங்கிலீஷும் வராது. இத்தகையவர் நாட்டுக்குப் பாரமாவார் என்று திருப்பியனுப்ப எண்ணினார்கள். நண்பர் பொறுப்பேற்று வாதாடியதன்மேல் உள்ளே விட்டார்கள்.

யாங்கர்ஸ் என்னுமூரில் ருடால்ப் ஐக்கெமேயர் என்ற ஜெர்மானியர் ஒரு யந்திரசாலை நடத்திவந்தார். அவரும் தம் வாலிபத்தில் அரசியற் காரணமாக ஜெர்மனியை விட்டு வந்தவரே. அங்கு படம் வரையும் வேலையில் ஸ்டைன்மெட்ஸ் அமர்ந்தார். மின்சார யந்திரங்களின் வயிற்றிலுள்ள இரும்பு, அலைமின்சாரத்தினால் விநாடிக்குப் பல தடவை காந்தம் மாறி மாறி ஏறும்போது வீணாகச் சூடேறுகிறது. எவ்வளவு சூடேறும் என்பதை யந்திரத்தைக் கட்டி முடித்து ஓட்டிப்பார்த்த பிறகே அறியமுடியும் என்பது அந்நாளைய நிலை. கட்டியபின் பிசகு தெரிந்தால் பணம் போனதுதான். ஸ்டைன்மெட்ஸ் பலவித இரும்புகளை அளந்து பார்த்து, காந்தத்தின் அடர்த்தி ஏற ஏற நஷ்டம் எந்த விகிதத்தில் ஏறும் என்பதை ஒரே சூத்திரத்தில் அடக்கி 1892-ல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 26. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியார் ஐக்கெமேயரின் சாலையை வாங்கினபோது அதனுடன் ஸ்டைன்மெட்ஸும் அவர்களிடம் வந்துசேர்ந்தார். பிறகு ஸ்கெனெக்டடி நகரமே அவருடைய ஊராயிற்று.

இனி அவருடைய பெரிய காரியத்துக்கு வருவோம். நமது நேயர்களிற் பலர் கணிதத்தைக் கண்டு அஞ்சுவர் என்பதை அறிவோம். ஆயினும், ஸ்பெயினில் நடந்தது இன்னதென்று விளங்க இந்த வாயில் வழியாகவே செல்லவேண்டும்.

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் ஒரே திக்கில் ஓடுவதன்று. விநாடிக்கு 50 ஆவர்த்தனம் முன்னும் பின்னும் ஊசலாடுவது. அமெரிக்காவில் 60. இந்த ஊசலாட்டத்தில் வேகத்தோடு தள்ளும் அழுத்தம் ஒன்று, ஓடும் ஓட்டம் ஒன்று. இவை இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கினால் மின்சாரம் முழுவதும் வேலை செய்யும். யந்திரங்களின் சுபாவத்தினாலும் நீண்ட கம்பிகளின் சுபாவத்தினாலும் ஓட்டமானது அழுத்தத்துக்குப் பிந்தியோ முந்தியோ போய்விடுவதுண்டு. அப்போது ஓட்டத்தில் ஒரு பகுதி ஒரு வேலையும் செய்யாமல் வெறுமனே போய்ப் போய்த் திரும்புகிறது. இரண்டு பெண்கள் ஒரே உரலில் மாற்றி மாற்றி நெல் குத்தும்போது ஒருத்தியின் உலக்கை தாளம் தவறினால் கை வலிக்குமேயன்றி உமி போகாது, அது போல. இந்த வேலை செய்யாத பகுதி கம்பியில் இடத்தை அடைத்துக்கொள்வதுடன், கம்பியிலுள்ள அழுத்தத்தை ஏற்றவும் இறக்கவும் வல்லது.

இதைக் கணக்கிடுவதற்கு முன்னிருந்தோர் அலைக்கோடுகளை வரைந்து வரைந்து ஓய்ந்தார்கள். ஸ்டைன்மெட்ஸ் 1893-ல் சிக்காகோ நகரத்தில் கூடிய மின்சார மகாநாட்டில் வேறு வழி காட்டினார். எண்களுள் கற்பனை எண் என ஒரு ஜாதியுண்டு. கழித்தல் ஒன்றின் வர்க்கமூலம் அது. பாடசாலைப் பிள்ளைகள் இது எதற்கு உதவும் என்று முகஞ்சுளிப்பார்கள். வேலை செய்யும் மின்சாரத்தைச் சாதாரண எண்ணாலும், வேலை செய்யாத மின்சாரத்தைக் கற்பனை எண்ணாலும் குறித்துவிட்டால், ஒரு நாள் முழுதும் எடுக்கும் கணக்கைச் சில வரிகளில் கூட்டிக் கழித்து முடிக்கலாம் என்று அவர் நிரூபித்தார். 1897-ல் இது புஸ்தகமாக வந்தது. வாங்கிய என்ஜினீயர்களில் அநேகருக்கு முதலில் விளங்கவில்லை. அவர்களுக்காகவே அவர் மேலும் பாடப்புஸ்தகங்கள் எழுதினார். யூனியன் கலாசாலையில் பல வருஷங்கள் ஆசிரியராயிருந்து கற்பித்தார். இன்று உலகத்தில் எந்த என்ஜினீயரிங் கலாசாலையிலும் அம்முறையைத் தவிர வேறு முறையில் இக்கணக்கு போடப்படுவதில்லை.

ஸ்பெயினில் நடந்ததற்கு வருவோம். அன்று அங்கே மின்சாரம் போதாமற்போகவில்லை. கம்பிகளில் அழுத்தம் அளவுக்கு மிஞ்சி ஏறிற்று. அழுத்தத்தை இறக்கவேண்டிய வேலை செய்யாத மின்சாரத்தை உறிஞ்சிக்கொள்ளும் கடமை பழைய ஜாதி மின்நிலையங்கள் சிலவற்றுக்கு இருந்தது. அவை வேண்டிய அளவு உறிஞ்சவில்லை. சூரிய, காற்று நிலையங்களோ அன்றைய விதிகளின்படி அழுத்தத்தைக் கவனிக்க வேண்டியவையாகவே இல்லை. இத்தனை வேலைக்கு இத்தனை என்று ஒரே விகிதத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அழுத்தம் ஏறவே சில நிலையங்கள் தற்காப்புக்காக விலகின. விலக விலக அழுத்தம் மேலும் ஏறிற்று. மேலும் பல விலகின. சில விநாடிகளில் இரண்டு தேசங்கள் இருண்டன. ஸ்டைன்மெட்ஸ் கற்பனை எண்ணால் குறித்த அந்தப் பகுதியைக் கவனிக்கவேண்டியவர் யார், எவ்வளவு கவனித்தார் என்பதே அங்கு கேள்வி. ஆகவே சூரியனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய கட்சியும் பிசகிற்று; சம்பந்தமே இல்லை என்ற கட்சியும் பிசகிற்று.

ஸ்கெனெக்டடி வாழ்க்கையைப்பற்றிச் சில வார்த்தைகள் கூறி மேலே செல்வோம். அவர் விவாகஞ் செய்துகொள்ளவில்லை. தம்மிடம் வேலை செய்த ஹேடன் என்ற வாலிபரையும் அவர் மனைவியையும் தமது வீட்டுக்கு அழைத்து வைத்துக்கொண்டு, ஹேடனைச் சுவீகார புத்திரனாக ஏற்றார். அவர்களுடைய மூன்று குழந்தைகளுக்கும் அவரே பாட்டனார். வீட்டை ஒட்டிய கண்ணாடி மண்டபத்தில் கள்ளிச்செடிகளையும் முதலைக் குட்டிகளையும் வளர்த்தார். வாயில் எந்நேரமும் சுருட்டு. இவை பற்றியும், யந்திரத்தின்மேல் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டுப் பெருந்தொகை கேட்டார் என்பது பற்றியும் பல கதைகள் வழங்குகின்றன. பெரிய மனிதர்களைச் சுற்றிக் கதைகள் படர்வது இயல்பு. அவற்றில் நாம் காலங்கழிக்க விரும்பவில்லை.

கொள்கையை அவர் கப்பலில் விட்டுவிட்டு வரவில்லை. 1911-ல் அந்நகரத்தார் சமதர்மக் கட்சியைச் சேர்ந்த ஜார்ஜ் லன் என்பவரை நகரத் தலைவராகத் தேர்ந்தெடுத்தபோது, ஸ்டைன்மெட்ஸ் கல்வி போர்டில் அங்கத்தினராகிப் பின்பு அதன் தலைவருமானார். ஒரு பெருமுதலாளிக் கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டே சமதர்மம் பேசுகிறாரே என்று இரு பக்கத்தாரும் அவரைக் குறைகூறினார்கள். 1916-ல் வெளியிட்ட ஒரு புஸ்தகத்தில் அவர் இதற்கு விடை சொன்னார். பெரிய கம்பெனிகள் ஒழுங்காக வேலையைப் பங்கிட்டு நடத்தக் கற்றுக்கொண்டிருக்கின்றன. அந்த ஒழுங்கே நாளடைவில் பொதுஜனங்களின் கூட்டுறவாக மாறும் என்பது அவர் நம்பிக்கை. இதை நாம் ஏற்கமுடியவில்லை. கம்பெனி தானாகவே பொதுச்சொத்தாகக் கனிந்துவிடும் என்று எண்ணியது, யந்திரங்களை நன்கறிந்தவர் மனிதர்களை அவ்வளவு நன்கறியாததன் விளைவு. ஆனால், சேர்ந்து இயங்கும் கூட்டத்தை ஒருவர் தாங்கிக்கொண்டிருக்கவேண்டும் என்ற எண்ணம் அவருடைய அரசியலிலும் விஞ்ஞானத்திலும் ஒன்றாகவே ஓடுகிறது.

1918-ல், யுத்தத்தினால் அமெரிக்காவில் நிலக்கரிக்குத் தட்டுப்பாடு உண்டான சமயம். அமெரிக்க மின்சார என்ஜினீயர்கள் சங்கத்தில் தம் தேசத்தின் சக்தி வருவாயைப்பற்றி அவர் ஒரு வியாசம் படித்தார். ஒரு கிராமக் கணக்கர் வரவு செலவைப் பார்ப்பதுபோல அவர் அதைப் பார்த்திருக்கிறார். பூமியிலிருந்து எடுக்கும் கரி எவ்வளவு. தேசத்தில் பெய்யும் மழை, கடலைச் சேருமுன் ஒரு துளி விடாமல் யந்திரத்தில் விழுந்தால் எவ்வளவு சக்தி கிடைக்கும் என்று கணக்கிட்டார். ஆறுகள் அத்தனையும் அடைத்தாலும் அந்நாளில் எரித்த கரிக்கு ஏறக்குறைய ஈடாகுமேயன்றி மிஞ்சாது என்று கண்டார். ஆகவே கரி தீர்ந்தால் ஆறு இருக்கிறது என்று சோம்பியிருப்பவர்களின் கனவை அவர் கலைத்துவிட்டார். சூரிய வெளிச்சத்தின் சக்தி இவையெல்லாவற்றையும்விடப் பன்மடங்கு பெரிது என்பதையும் அவ்வியாசத்திலேயே கணக்கில் எழுதினார்.

சிறு ஓடைகளை எப்படி உபயோகிப்பது என்ற கேள்வி அடுத்து வந்தது. ஒவ்வோர் ஓடையிலும் ஒரு முழு மின்நிலையம் கட்டி, ஆள் வைத்து, வேகத்தைச் சீர்ப்படுத்தும் கருவிகள் வைத்தால் வரவைவிடச் செலவு மிகும். ஆகவே எவ்விதக் கட்டுப்பாடும் இல்லாத எளிய யந்திரம் ஒன்றை ஓடையில் இறக்கிவிடலாம் என்றார். இந்த ஜாதி யந்திரம் தனியே நின்று மின்சாரம் உண்டாக்காது. தனக்கு வேண்டிய காந்தத்தையும் தாளத்தையும் பெரிய கம்பியிலிருந்து வாங்கிக்கொண்டு, தன்னாலான வேலையை அதில் சேர்க்கும். இப்படி நூறு சிறு ஓடைகள் சேர்ந்து கொடுக்கலாம். ஆனால் அவற்றுக்குத் தாளம் போட எங்கேயோ ஒரு பெரிய நிலையம் நிமிர்ந்து நிற்கவேண்டும்.

இந்த விஷயம் நமக்கு அந்நியமானதன்று. 1990-ஐ ஒட்டிய வருஷங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் நிறைந்த காற்றாலைகளில் பல, அவர் சொன்ன அதே ஜாதி யந்திரங்களே. காற்று வீசும்போது அவை மின்சாரம் கொடுத்தன. கூடவே, வேலை செய்யாத மின்சாரத்தைக் கம்பியிலிருந்து இழுத்து அப்பிரதேசத்தின் அழுத்தத்தைத் தாழ்த்தவுஞ் செய்தன.

நிற்க. 1920-ல் அவர் எழுதிய மற்றொரு வியாசம், மின்நிலையங்களின் ஸ்திரத்தன்மையைப் பற்றியது. பெரிய நகரங்களில் பல நிலையங்களை ஒன்றோடொன்று பிணைக்கத் தொடங்கிய காலம் அது. ஒரு நுகத்தில் பூட்டிய இரண்டு எருதுகளில் ஒன்று சற்று முந்தினால் பாரம் அதன்மேல் அதிகம் விழுகிறது. அதன் வேகம் தணிகிறது. பிந்தியது பாரம் குறைந்து எட்டிப் பிடிக்கிறது. பிணைத்த யந்திரங்களும் இவ்வாறே ஒன்றையொன்று சரிசெய்துகொண்டு ஒரே நடையில் ஓடுகின்றன. கம்பி ஒன்று அறுந்தோ ஒட்டியோ பழுதானால், அந்த ஒரு கணத்தில் பாரம் விட்டுப்போய், சில யந்திரங்கள் முன்னோக்கிப் பாய்கின்றன. ஓர் எல்லைக்குள் பழுது நீங்கினால் திரும்ப நடைக்கு வரும். எல்லையைத் தாண்டினால் நுகமே அவற்றுக்குப் பகையாகும். ஒன்றையொன்று இழுத்துச் சீர்குலைக்கும். அந்த எல்லை எங்கேயிருக்கிறது என்று கணக்கிடவேண்டும் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். இன்றும் இத்துறையின் ஆராய்ச்சி நூல்கள் தங்கள் சரித்திரத்தை அந்த 1920-ஆம் வருஷத்து வியாசத்திலிருந்தே தொடங்குகின்றன.

பழைய நிலையங்களுக்கு மற்றொரு குணமும் உண்டு. நீராவியாலும் நீராலும் சுழலும் அவற்றின் இரும்பு உருளைகள் பல டன் கனமுள்ளவை. திருவிழாவில் தேர் ஓடும்போது வடம் பிடித்தவர்களில் நூறு பேர் திடீரென்று கையை விட்டாலும் தேர் அக்கணமே நிற்பதில்லை. அதன் கனமே அதைச் சிறிது தூரம் கொண்டுபோகிறது. அதற்குள் வேறு நூறு பேர் வந்து பிடிக்கலாம். மின்சார வலையிலும் ஒரு நிலையம் விழுந்தால் மற்றவற்றின் சுழலும் கனம் சில விநாடி அவகாசம் கொடுக்கிறது. சூரியப் பலகையில் சுழலும் பொருள் ஒன்றுமில்லை. அதன் மின்சாரத்தை இன்வெர்ட்டர் என்னும் கருவி, கம்பியிலுள்ள தாளத்தைக் கேட்டுக் கேட்டு, அதற்கேற்ப மாற்றி அனுப்புகிறது. பின்பாட்டுக்காரர் அதிகமாகித் தாளம் போடுவோர் குறைந்தால் கச்சேரி என்னாகும்?

தெற்கு ஆஸ்திரேலியாவில் 2016-ஆம் வருஷம் செப்டம்பர் 28ந் தேதி இது தெரியவந்தது. சுழற்காற்று உயர்ந்த மின்கம்பக் கோபுரங்களைச் சாய்த்தது. அழுத்தம் பலமுறை விட்டு விட்டுத் தாழ்ந்தது. காற்றாலைகள் சில, இத்தனை தடவைக்கு மேல் தாழ்ந்தால் விலகிக்கொள் என்று தம்முள் எழுதியிருந்த கட்டளைப்படி, 456 மெகாவாட் மின்சாரத்தைச் சில விநாடிகளில் குறைத்துவிட்டன. அப்பாரம் அண்டை மாகாணத்திலிருந்து வந்த கம்பியின்மேல் விழ, அதுவும் விலகிற்று. மாகாணம் முழுதும் இருண்டது. வலையை நடத்திவந்தவர்களுக்கு அப்படியொரு கட்டளை எழுதியிருப்பதே முன்கூட்டித் தெரியாது. கோர்ட்டுகளில் பழகிய நமக்கு இது ஆச்சரியமளிக்கவில்லை. பத்திரத்தின் கடைசிப் பக்கத்துச் சிறு எழுத்தை யாரும் படிக்காததனால் நேரும் வழக்குகளை நாம் தினந்தோறும் பார்க்கிறோம். அந்த எண்ணை மாற்றியவுடன் அக்குறை நீங்கிவிட்டது. காற்றின்மீது பழி போட்டவர்கள் இதைச் சொல்வதில்லை.

இங்கிலாந்தில் 2019-ஆம் வருஷம் ஆகஸ்டு 9ந் தேதி ஒரு கம்பியில் இடி விழுந்ததைத் தொடர்ந்து, கடலிலுள்ள ஒரு காற்றாலைத் தொகுதியும், வாயு எரிக்கும் ஒரு நிலையமும், ஊர்தோறும் சிதறிக்கிடந்த சிறு நிலையங்களும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் விலகின. 50 ஆவர்த்தனம் 48.8 ஆக இறங்கிற்று. பத்து லக்ஷத்துக்கு மேற்பட்ட வாடிக்கைக்காரர்களின் இணைப்பைத் தானியங்கிக் கருவிகள் துண்டித்து மற்றவர்களைக் காப்பாற்றின. இடியைப்பற்றி ஸ்டைன்மெட்ஸுக்கு நேரடி அனுபவம் உண்டு. 1920-ல் மோஹாக் நதிக்கரையிலிருந்த அவருடைய குடிசையில் இடி விழுந்து நிலைக்கண்ணாடி சுக்குநூறாயிற்று. அவர் துண்டுகளைப் பொறுக்கியெடுத்து, கண்ணாடித் தகடுகளுக்கிடையில் பழையபடி பொருத்தி, மின்னல் சென்ற பாதையை ஆராய்ந்தார். பின்னர் ஒரு லக்ஷம் வோல்ட்டுக்கு மேற்பட்ட செயற்கை மின்னலைத் தமது சாலையில் உண்டாக்கி, கம்பிகளை இடியிலிருந்து காக்கும் கருவிகளைச் சோதித்தார். 1922-ல் எடிஸன் வந்து அதைப் பார்த்துச் சென்றார்.

பரிகாரம் இல்லாமலில்லை. தெற்கு ஆஸ்திரேலியர் 2017-ல் 100 மெகாவாட் பாட்டரி ஒன்றை ஹார்ன்ஸ்டேலில் நிறுவினார்கள். நிலையம் விழுந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் கைகொடுப்பது அது. 2021-ல் நான்கு பெரும் யந்திரங்களை நிறுத்தினார்கள். அவை கரி எரிப்பதில்லை, மின்சாரமும் உண்டாக்குவதில்லை. கனமான சக்கரத்தோடு சும்மா சுழன்றுகொண்டிருக்கின்றன. கனத்தைக் கொடுப்பதும், வேலை செய்யாத மின்சாரத்தை வேண்டியபடி கொடுத்து வாங்குவதுமே அவற்றின் வேலை. தாளத்தைக் கேட்டு ஆடாமல் தாமே தாளம் போடும் இன்வெர்ட்டர்களும் வந்துவிட்டன. இவையெல்லாம் பணச் செலவு. அச்செலவு யாரைச் சேர்ந்தது என்பதை வலையில் சேரும்போதே விதியில் எழுதவேண்டும். விபத்துக்குப் பிறகு எழுதுவதில் பயனில்லை. சூரியன் இலவசம்; ஸ்திரம் இலவசமன்று. பழைய நிலையங்கள் இதைத் தம் கனத்தினால் கேளாமலே கொடுத்துவந்தபடியால், நாம் அதற்கு விலையுண்டு என்பதையே மறந்துவிட்டோம்.

நம் தேசத்தில் 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கிலும் கிழக்கிலும் அறுபது கோடி ஜனங்கள் இருளில் ஆழ்ந்தபோது அதற்குச் சூரியனோ காற்றோ காரணமன்று; அளவுக்கு மிஞ்சிய பாரமும், கட்டுப்பாட்டை மதியாமையுமே காரணம். தென்னாட்டு வலை அப்போது மற்றவற்றோடு ஒரே தாளத்தில் பிணைக்கப்படாததால் தப்பியது. 2013 டிசம்பர் 31ந் தேதி ரெய்ச்சூர்-சோலாப்பூர் கம்பி வழியாக அதுவும் பிணைக்கப்பட்டது. ஆகவே இனி அங்கே தாளம் தவறினால் நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது.

ஸ்டைன்மெட்ஸின் கடைசி வருஷங்களில் நடந்த ஒரு காரியம் நமது வாசகர்களுக்கு ருசிக்கும். ருஷ்யா தேசம் முழுவதையும் மின்சார மயமாக்க ஒரு திட்டம் வகுத்திருப்பதைக் கேள்வியுற்ற அவர், 1922 பிப்ரவரியில் லெனினுக்குக் கடிதம் எழுதி, தம்மாலான உதவியைச் செய்வதாகத் தெரிவித்தார். இரு தேசங்களுக்கும் அப்போது ராஜாங்கத் தொடர்பே கிடையாது. அவர் அமெரிக்காவின் பெருங்கம்பெனி ஒன்றின் பிரதம ஆலோசகர். ஆயினும் எழுதினார். ஏப்ரலில் லெனின் வந்தனம் தெரிவித்துப் பதிலெழுதினார். தம் படமொன்றையும் அனுப்பினார். அவ்வருஷமே ஸ்டைன்மெட்ஸ் நியூயார்க் ராஜ்யத்தின் என்ஜினீயர் பதவிக்குத் தேர்தலில் நின்று தோற்றார்.

1923-ல் குடும்பத்துடன் பஸிபிக் கடற்கரை வரையில் யாத்திரை சென்று, ஊர்தோறும் பிரசங்கம் செய்து, களைத்துத் திரும்பினார். அக்டோபர் 26ந் தேதி காலையில், 58-வது வயதில், ஸ்கெனெக்டடியில் அவருடைய இருதயம் நின்றது. நதிக்கரையிலிருந்த அவருடைய குடிசையைப் பின்னர் ஹென்றி போர்டு வாங்கி, மிச்சிகனிலுள்ள தம் பொருட்காட்சிக் கிராமத்துக்குக் கொண்டுபோய் வைத்தார். அது இன்றும் அங்கே இருக்கிறது. கோடைக்காலத்தில் அவர் அந்த நதியில் சிறு ஓடம் ஒன்றை மிதக்கவிட்டு, அதன் குறுக்கே ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு, முழங்காலிட்டபடியே கணக்கெழுதுவார்.